மலையிறங்கினால் போதுமா?

கொல்லிமலையிலிருந்து இறங்கும் நடைபாதை முடியும் புளியஞ்சோலையில் நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்தும். கணவர் இன்னொருத்தியை மணந்ததால் வீட்டைவிட்டு வெளியேறும் பழங்குடிப் பெண் எங்கே போவார்?

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஒராவோன் பெண்ணொருவர் கணவரின் மறுமணத்தை எதிர்த்தபோது, அதைச் செல்லாததாக்கும் வழக்காறு நிறுவப்படவில்லை என 2001இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2025இல் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டமும் பழங்குடியினரை விலக்கியே வைத்துள்ளது.

வழக்காற்றைக் காப்பது நியாயமே. அதற்கான விலையைப் பெண் மட்டும் செலுத்துவது நியாயமன்று. நிலத்தில் பங்கில்லாதவருக்கு வெளியேறும் உரிமை வெறும் ஏட்டுரிமை என்பதே பொருளியல் எனக்குக் கற்பித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இவர்களுக்கு எட்டாதது. அவ்விலக்கைத் திருத்துவது குறித்துப் பரிசீலிக்குமாறு 2022இல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அங்கிருந்தே தொடங்கலாம்.