தண்டப்பணம் எல்லோருக்கும் ஒரே தொகைதான், தண்டனை ஒன்றல்ல

பெரிய வீதி விபத்தொன்று நடந்துவிட்டால் நமது நாட்டில் தவறாமல் ஒரு பேச்சு எழும். "தண்டப்பணத்தைக் கூட்டுங்கள், சாரதிகள் தானாகத் திருந்துவார்கள்" என்பார்கள். 2025 மே மாதம் கொத்மலை, கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதும் இதைக் கேட்டோம். ஆண்டுதோறும் 2,000இற்கும் அதிகமானோரை வீதியில் பறிகொடுக்கும் நாட்டில் இந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் கூட்டப்படும் பணம் யாருடைய பையிலிருந்து போகிறது, எந்தக் குற்றத்துக்காகப் போகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

எனது வகுப்பறை அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் பொறுப்பாக இருந்த பத்தாம் தர வகுப்பில், பிந்தி வருவோர் இருபது ரூபா கட்ட வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். சேரும் பணத்தில் வகுப்புக்குத் தேவையான பொருட்கள் வாங்குவதாகத் திட்டம். ஒரு மாதம் போனது. வசதியான கடைக்காரரின் மகன் இருபது ரூபாவைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே பிந்தி வந்தான். காலையில் உம்மா அவித்துக் கொடுக்கும் இடியப்பத்தை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளையோ, பிந்திய நாட்களில் பாடசாலைக்கே வரவில்லை. இருவருக்கும் விதியும் ஒன்று, தொகையும் ஒன்று. ஆனால் தண்டனை ஒன்றாக இருக்கவில்லை. விதியைப் போட்ட நானே அதை எடுத்துவிட்டேன்.

வீதியிலும் இதுதான் நடக்கிறது. சொகுசு வாகனத்தில் போகிறவருக்கு 2,000 ரூபா ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. லீசிங் கட்டும் முச்சக்கரவண்டிக்காரருக்கு அது ஒரு நாள் உழைப்பு. அவருக்குத் தொகை மட்டுமே செலவல்ல. பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு சீட்டைத் தருகிறார்கள். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு, 28 நாட்கள் கடந்தால் நீதிமன்றம். தபாலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலைவதில் இன்னொரு அரை நாள் ஓட்டம் போய்விடும். 2025இல் கவ்பே மூலம் கைத்தொலைபேசியிலேயே தண்டப்பணம் செலுத்தும் வசதி பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. அத்தகைய வசதியை எல்லோரும் பயன்படுத்த முடிந்தால் இந்தச் சுமையில் பெரும் பகுதி குறையும்.

தொகையைத் திருத்தவே கூடாது என்று நான் வாதிடவில்லை. 2018 ஜூலையில் 33 குற்றங்களுக்கான தண்டப்பணம் திருத்தப்பட்டது. அதன் பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021 இறுதியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவானது. அன்றைய ஆயிரம் ரூபாவுக்கு இன்று அந்த மதிப்பு இல்லை. ஆனால் அதே நெருக்கடிதான் கூலிக்கு ஓட்டுபவரின் வருமானத்தையும் தின்றது. தொகையைக் கூட்டச் சொல்பவர்கள் முதல் கணக்கை மட்டும் காட்டுகிறார்கள்.

2016 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் நமக்கு ஒரு பாடம். ஆகக் குறைந்த ஸ்தல தண்டப்பணத்தை 2,500 ரூபாவாக்கும் யோசனை அதில் இருந்தது. பாரதூரமான ஏழு குற்றங்களுக்கு 25,000 ரூபா என்ற யோசனையும் அதே காலத்தில் வந்தது. தனியார் பஸ்காரர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதும், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவதும், மூடப்படும் ரயில் கடவைக்குள் நுழைவதும் உயிரோடு விளையாடும் குற்றங்கள். அவற்றுக்கு 25,000 ரூபாவும் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஆனால் வருமான அனுமதிப்பத்திரத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கும், பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள்காரருக்கும் அடிமட்டத் தொகையையே பல மடங்காக்குவது வேறு விடயம். அது பாதுகாப்புக்கான தண்டனையா, திறைசேரிக்கான வருமானமா என்ற சந்தேகம் மக்களுக்கு வராமல் இருக்குமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். பிள்ளைகள் பயப்படுவது தண்டனையின் அளவுக்கல்ல, நிச்சயம் பிடிபடுவோம் என்பதற்கே என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். சந்தியில் பொலிஸார் நிற்கும் நாளில் எல்லோர் தலையிலும் கவசம் இருக்கிறது. அவர்கள் இல்லாத நாளில் அது கைப்பிடியில் தொங்குகிறது. இரண்டு நாளும் தண்டப்பணம் ஒன்றுதான். கண்காணிப்பைக் கூட்டாமல் தொகையை மட்டும் கூட்டினால், சீட்டு எழுதாமல் விடுவதற்குக் கைமாறும் பணமும் சேர்ந்து கூடும். 2,000 ரூபாவை மிச்சப்படுத்த 500 கொடுப்பவர், 10,000 ரூபாவை மிச்சப்படுத்த எவ்வளவு கொடுப்பார்?

பஸ் விடயத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. நாளாந்தம் இவ்வளவு பணம் வர வேண்டும் என்று சாரதியை ஓட விரட்டுவது உரிமையாளர். பின்னால் வரும் பஸ்ஸை முந்தி ஆளேற்றச் சொல்வது அந்தக் கணக்குத்தான். சீட்டு மட்டும் சாரதியின் பெயருக்கு வருகிறது. மிதமிஞ்சி ஆளேற்றியதற்கும் தேய்ந்த டயருக்கும் உரிமையாளரையும், அவரது வழி அனுமதிப்பத்திரத்தையும் பொறுப்பாக்காதவரை, சாரதியின் தண்டப்பணத்தை எவ்வளவு கூட்டினாலும் பஸ் ஓடும் விதம் மாறாது.

பின்லாந்தில் பாரதூரமான வேகக் குற்றங்களுக்கு ஒருவரின் நாள் வருமானத்தை வைத்தே தண்டப்பணம் கணிக்கிறார்கள். 2002இல் நொக்கியா நிறுவனப் பணிப்பாளர் ஒருவருக்கு அங்கே 116,000 யூரோ விதிக்கப்பட்டது, பின்னர் மேன்முறையீட்டில் அது குறைந்தது. அங்கும் சிறிய மீறல்களுக்கு நிலையான தொகைதான். பெரும்பாலானோரின் வருமானம் எந்தப் பதிவிலும் இல்லாத நமது நாட்டில் அந்த முறையை உடனே கொண்டுவர முடியாது. ஆனால் ஒருவர் எத்தனையாவது தடவை பிடிபடுகிறார் என்பதைப் பதிய முடியும். சிறு குற்றம் முதல் தடவை என்றால் எச்சரிக்கையோ சிறு தொகையோ போதும். இரண்டாம் தடவை இரட்டிப்பாகட்டும். தொடர்ந்தால் அனுமதிப்பத்திரத்தில் புள்ளிகள் குறையட்டும். புள்ளிக் குறைப்பு முறை பற்றிப் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. பணக்காரரும் ஏழையும் சமமாக அஞ்சும் தண்டனை அதுதான், ஏனெனில் அனுமதிப்பத்திரம் இருவருக்கும் ஒன்றுதான்.

இதையெல்லாம் அரசிடம் கேட்கும் நாம் நமது ஊர்களையும் பார்க்க வேண்டும். பள்ளிவாசலுக்குப் போகும் தூரம்தானே என்று தலைக்கவசமின்றி, ஒரு மோட்டார் சைக்கிளில் வாப்பாவும் மூன்று பிள்ளைகளும் போவதை நான் தினமும் காண்கிறேன். ஜும்ஆ நேரத்தில் பாதையை அடைத்து வாகனம் நிறுத்திவிட்டு, அம்பியூலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் உள்ளே போகிறோம். பதினைந்து வயது மகனிடம் சாவியைக் கொடுத்துப் பெருமைப்படும் பெற்றோரும் நம்மில் இருக்கிறார்கள். நியாயமற்ற தண்டப்பணத்தை எதிர்ப்பவர்கள் இவற்றைத் திருத்திக்கொண்டால்தான் நமது குரலுக்கு மதிப்பிருக்கும்.

உயிரைப் பறிக்கும் குற்றத்துக்குக் கடுமையான தண்டனை, சிறு தவறுக்குத் திருந்த ஒரு வாய்ப்பு, விட்டுக்கொடுக்காத கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வரட்டும். அப்போது தண்டப்பணம் கூடினாலும் அது அநீதி என்று எந்தச் சாரதியும் சொல்ல மாட்டார்.