பெயரா, பேரேடா?

சி.ஏ. இன்டர் முடித்தவருக்குப் பெரிய பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றும், ஈரோட்டிலோ மதுரையிலோ நடுத்தர ஆடிட்டர் அலுவலகம் ஒன்றும் ஒரே நேரத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி தர முன்வந்தால், வீட்டில் எல்லோரும் பெரிய பெயரையே கைகாட்டுவார்கள். என் ஓட்டு ஈரோட்டுக்கு. பட்டயக் கணக்காளர் கழகமான ஐ.சி.ஏ.ஐ. 2023இல் கொண்டுவந்த புதிய திட்டத்தில் மூன்றாண்டுப் பயிற்சி இரண்டாண்டாகச் சுருங்கிவிட்டது; அதற்குள் எல்லா வேலையையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். பெரிய இடத்தில் வேலை கூறுபோடப்பட்டிருக்கும்; நிலையான சொத்துப் பட்டியலையும் இருப்பு உறுதிக் கடிதங்களையும் சரிபார்ப்பதிலேயே ஒரு தணிக்கைப் பருவம் ஓடிவிடலாம். நடுத்தர அலுவலகத்தில் ஒரே வாடிக்கையாளரின் வவுச்சர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., வரித் தணிக்கை, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் ஒரே கை வழியாகப் போகும். ரிட்டர்னில் காட்டிய விற்பனையும் லாப நட்டக் கணக்கின் விற்பனையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போதுதான் கணக்கியல் பிடிபடுகிறது.

பெரிய பெயர் பின்னாளில் நேர்காணலுக்கு உதவும் என்ற வாதம் வலுவானதுதான். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் கணக்கிலேயே ஊற நினைப்பவருக்கு அதுவே சரியான இடம். ஆனால் அந்தப் பெரிய தணிக்கை நிறுவனங்கள் தேர்ச்சி பெற்றவர்களையும் வேலைக்கு எடுக்கின்றன. பெயரை அப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். சிறிய இடத்தில் பேங்குக்கு அலையும் எடுபிடி வேலைதானே என்பது அடுத்த ஆட்சேபம். அப்படிப்பட்ட அலுவலகங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் உதவித்தொகையோடு (கேட்க வெட்கப்பட வேண்டாம்) இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும்: வருடத்துக்கு எத்தனை கம்பெனித் தணிக்கை, பயிற்சியாளர் எழுதும் குறிப்பைத் திருத்துவது யார்? பதில் மழுப்பலாக வந்தால் பெரிய நிறுவனத்துக்கே போய்விடலாம்.