பேக்கப் இருக்குன்னு சொன்னா போதுமா?



சுவரிதழில் கேம் பற்றி எழுதலாமா என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உருப்படியா ஏதாவது சொல்றதா இருந்தா எழுது" என்றார். உருப்படியா என்பதை நீங்கள்தான் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மைன்கிராஃப்ட் என்ற கேம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆசிரியர்களுக்காக ஒரு வரி: சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, ரோடு, பாலம் எல்லாம் கட்டலாம். ஒருத்தர் கம்ப்யூட்டரில் சர்வர் ஓட்டினால் பத்துப் பேர் ஒரே உலகத்துக்குள் போய்ச் சேர்ந்து கட்டலாம். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து நம்ம நெமிலிச்சேரியையே கட்டிக்கொண்டிருந்தோம். முதலில் ரயில்வே ஸ்டேஷன். அப்புறம் அவுட்டர் ரிங் ரோடு. வண்டலூரில் கிளம்பி இங்கே வந்து, மீஞ்சூர் வரைக்கும் போகிற ரோடு அது. எங்கள் ரோடு பட்டாபிராம் வரைக்கும்கூடப் போகவில்லை, ஆனால் தூண்கள் சரியாக இருக்கும்!

சர்வர் ஓடியது எங்கள் தெரு அண்ணன் ஒருத்தர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில். போன டிசம்பர் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. நாலாவது தடவை வந்தபோது சர்வர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்க் கேட்டோம். "பயப்படாதீங்கடா தம்பி, பேக்கப் இருக்கு. தினமும் ராத்திரி ஒரு மணிக்குத் தானா பென் டிரைவுக்குப் போயிடும்" என்றார். பார்த்தால் இருந்தது. ஐந்து ஜிப் ஃபைல், ஐந்து தேதி. ஐந்தில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. பென் டிரைவ் 32 ஜிபி, அதில் இடமும் இருந்தது. ஆனால் அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது. அந்த முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எதையும் வைக்க முடியாது. நாங்கள் கட்டக் கட்ட உலகம் பெருத்து, ஜிப் 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் முக்கால்வாசி எழுதி, பாதியில் அறுந்துபோன ஃபைல்தான். கடைசி ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு பழசை அழிக்கும்படி அண்ணன் செட் பண்ணியிருந்தார். அதனால் நல்லதாக இருந்ததெல்லாம் ஐந்தே நாளில் காலி. ஐந்து ஃபைலும் அச்சு அசலாக ஒரே அளவு. அதைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கணும். எனக்கே வரவில்லை, நானும்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன்.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பேக்கப் எடுத்தாரே, நாங்கள் எட்டுப் பேர் அதுகூடச் செய்யவில்லை. என் கட்சி இதுதான்: ஒருமுறையாவது திருப்பிப் போட்டு, உள்ளே போய் நடந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்லவே கூடாது. அது ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள். கிட்லேப் என்பது உலகம் பூராவும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேர்த்து வைக்கிற தளம். 2017 ஜனவரி 31 அன்று ராத்திரி, அங்கே வேலை செய்த ஒருவர் வேறொரு கம்ப்யூட்டர் என்று நினைத்து முக்கியமான கம்ப்யூட்டரில் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப்? ஒன்றுக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். தினமும் எடுத்து வெளியே அனுப்பும் வழியைத் திறந்தால் அந்த இடமே காலி. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அன்றைக்கு ஆறு மணி நேரம் முன்னால் வேறு ஒரு வேலைக்காகத் தற்செயலாக ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதி!

எங்கள் கதையும் அப்படித்தான். எங்களில் ஒருத்தன் காலாண்டு லீவில் மாமா பையனுக்குக் காட்டுவதற்காக வேர்ல்டு ஃபோல்டரை லேப்டாப்பில் காப்பி பண்ணிக்கொண்டு போயிருந்தான். அதைத்தான் போட்டோம். ஸ்டேஷன் வந்தது. ரோடு பாதி வந்தது. அக்டோபருக்கு அப்புறம் கட்டியது எதுவும் வரவில்லை.

அதில் ஒரு வீடு இருந்தது. எங்களோடு விளையாடிய ஒரு நண்பன், அவன் அப்பாவுக்கு மாற்றல் ஆகி நவம்பரில் ஓசூருக்குப் போய்விட்டான். போவதற்கு முன்னாடி மூன்று வாரம், ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த வீட்டை அப்படியே கட்டினான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகூட வைத்தான். போன பிறகும் எப்பவாவது ராத்திரி ஓசூரிலிருந்து உள்ளே வந்து அந்த மாடியில் நிற்பான். இப்போது அங்கே வெறும் புல்தரை. அவனிடம் யார் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். "கேம்தானே, போனா போகட்டும்" என்று சொல்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த வீடுதான்.

"இதெல்லாம் எதுக்கு, பெரிய கம்பெனி சர்வரில் விளையாடினா அவங்க பார்த்துப்பாங்க" என்று ஒரு கட்சி இருக்கிறது. பார்த்துப்பாங்களா? ரஸ்ட் என்று ஒரு கேம். அதன் ஐரோப்பிய சர்வர்கள் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஹெச் என்ற நிறுவனத்தின் கட்டடத்தில் இருந்தன. 2021 மார்ச் 10 அன்று அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ரஸ்ட்டின் 25 சர்வர்கள் போயின, டேட்டாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று கேம் நிறுவனமே அறிவித்தது. (அந்த கேமில் மாசத்துக்கு ஒருமுறை மேப்பை அழித்துப் புதுசாக ஆரம்பிப்பது வழக்கம்தான். ஆனால் நாமே அழிப்பது வேறு, எரிந்துபோவது வேறு இல்லையா?) பிரதி எத்தனை இருந்தாலும் அதே கட்டடத்தில் இருந்தால் ஒன்றுதான். எங்கள் பென் டிரைவ் அந்த கம்ப்யூட்டரிலேயேதான் செருகி இருந்தது, கவனித்தீர்களா?

பப்ஜி ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தபோது அதுவும் போயிற்று. அக்டோபர் 30 அன்று இந்தியாவில் சர்வரையே நிறுத்தினார்கள். ஆப் போனில் இருந்தது, ரேங்க்கும் டிரெஸ்ஸும் போனில் இல்லை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்து, பழைய அக்கவுண்டை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தபோதுதான் திரும்பக் கிடைத்தது. அதுவும் அவர்கள் வைத்த கெடுவுக்குள் செய்தவர்களுக்கு. திருப்பித் தருவதா வேண்டாமா என்பது நம் கையில் இல்லை. நம்ம சர்வரில் அது நம் கையில் இருக்கிறது. இருந்தும் கோட்டை விட்டோம்.

ஓலைச்சுவடி காலத்தில் ஏடு செல்லரித்துப் போகும் என்று தெரிந்தே மறுபடி மறுபடி எழுதி வைத்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளைத் தேடி வாங்கி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார். ஒரு ஏட்டில் விட்டுப்போனது இன்னொன்றில் கிடைக்கும். ஏடு இருக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை, பிரித்துப் படித்துப் பார்த்தார். (ஐயா, இதற்காகவாவது இந்தக் கட்டுரையை ஒட்டுங்கள்.)

எடுக்கிற முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே காப்பி பண்ணினால் பாதி பழசு, பாதி புதுசு என்று வந்துவிடும். நம் பையில் இருப்பது ஒரு ஃபைலில், பெட்டியில் இருப்பது வேறு ஃபைலில். நடுவில் காப்பி ஆனால் ஒரே வைரம் இரண்டு இடத்தில் இருக்கும், இல்லை இரண்டிலும் இருக்காது. அதனால் முதலில் 'சேவ்-ஆஃப்', பிறகு 'சேவ்-ஆல்', காப்பி முடிந்ததும் 'சேவ்-ஆன்'. கடைசியை மறந்தால் தொலைந்தோம், சர்வர் எதையும் எழுதாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

திருப்பிப் போடுவதில்தான் சண்டை வரும். ஒருத்தன் வெடி வைத்து ஸ்டேஷனை உடைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் பழைய பிரதியைப் போட்டால் ஸ்டேஷன் வரும், மற்றவர்கள் மூன்று நாள் உழைப்பு போகும். செய்தது ஒருத்தன், தண்டனை எட்டுப் பேருக்கா? இந்த உலகம் 512-க்கு 512 கட்டைகள் கொண்ட துண்டு துண்டு ஃபைல்களாகத்தான் சேமிக்கப்படுகிறது. சர்வரை நிறுத்திவிட்டு, உடைந்த துண்டை மட்டும் பழைய பிரதியிலிருந்து எடுத்து வைக்கலாம். முழுசாகப் பின்னால் போவதாக இருந்தால் எல்லாரையும் கேட்டுவிட்டுத்தான் போகணும். கம்ப்யூட்டர் யார் வீட்டில் இருந்தாலும் உலகம் ஒன்பது பேருடையது.

இப்போது அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். மாசத்தில் முதல் சனிக்கிழமை, ஒரு பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்டேஷனிலிருந்து ரோடு வரைக்கும் நடந்து பார்க்கப் போகிறோம். ஒரு பிரதி எப்போதும் வேறு வீட்டில் இருக்கும், முறை வைத்து. ஓசூர் நண்பன் புதுசாகக் கட்ட ஆரம்பித்திருக்கிறான், தண்ணீர்த் தொட்டி இன்னும் வைக்கவில்லை. சேர விருப்பமுள்ளவர்கள் மதியம் இடைவேளையில் என்னைப் பாருங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் பண்ணிக் கொண்டு வாங்க. பண்றதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற போட்டோவையெல்லாம் வேற எங்கயாவது காப்பி பண்ணி, திறக்குதான்னு பார்த்துக்கோங்க!

— பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு