பிரம்பின் தப்புக் கணக்கு

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மாட்டுக்குச் சொன்னதை மாணவனுக்கும் பொருத்திப் பேசுவது நம் ஊரில் நெடுநாளைய வழக்கம். "அன்று வாத்தியாரிடம் அடி வாங்கியதால்தான் இன்று ஆளாகி நிற்கிறேன்" என்று பெருமையோடு கூறும் பெரியவர்கள் எத்தனை பேர்!

நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவன்தான். ஆசிரியர் பணியில் சேர்ந்த புதிதில் என் மேசை இழுப்பறையில் ஒரு பிரம்பு இருந்தது. மாதத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு உள்ளங்கையில் இரண்டு அடி. அடுத்த தேர்வில் அவர்களில் பலர் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். முதலிடம் பெற்றவனைப் பாராட்டினாலோ, அடுத்த முறை அவன் சற்று இறங்கிவிடுவான். "அடித்தால் ஏறுகிறான், புகழ்ந்தால் இறங்குகிறான்" என்று மதிப்பெண் பதிவேட்டைக் காட்டி மற்ற ஆசிரியர்களிடம் வாதிட்டிருக்கிறேன்.

பதிவேட்டில் பொய் இல்லை. அதை நான் படித்த முறையில்தான் பிழை இருந்தது.

அந்தப் பிழையை நீங்களே கண்டுபிடிக்கலாம். 36 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பகடையை உருட்டட்டும். ஏறக்குறைய 6 பேருக்கு 1 விழும். அவர்களை நன்றாகத் திட்டுங்கள். ஏறக்குறைய 6 பேருக்கு 6 விழும். அவர்களைக் கைதட்டிப் பாராட்டுங்கள். பிறகு அனைவரும் இரண்டாம் முறை உருட்டட்டும். திட்டு வாங்கிய 6 பேரில் சுமார் 5 பேர் 'முன்னேறி' இருப்பார்கள். பாராட்டுப் பெற்ற 6 பேரில் சுமார் 5 பேர் 'கெட்டுப் போயிருப்பார்கள்'! பகடைக்குத் திட்டும் தெரியாது, பாராட்டும் தெரியாது. 1 விழுந்தவருக்கு அதற்குக் கீழே போக இடமில்லை. 6 விழுந்தவருக்கு அதற்கு மேலே ஏற இடமில்லை. அவ்வளவுதான்.

இதனைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று புள்ளியியலார் கூறுவர். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886இல் இதை விளக்கினார். மதிப்பெண் வெறும் பகடை அல்ல. உழைப்பும் அறிவும் அதில் உண்டு. ஆனால் அன்றைய காய்ச்சல், முந்தின நாள் இரவு மின்சாரம் நின்றுபோனது, படிக்காத பாடத்திலிருந்தே கேள்வி வந்தது போன்ற தற்செயல்களும் அதில் கலந்திருக்கின்றன. ஒருவனுக்கு எல்லாம் எதிராக அமைந்த நாளில்தான் நாம் பிரம்பை எடுக்கிறோம். அடிக்காவிட்டாலும் அடுத்த முறை அவன் ஓரளவு ஏறியே இருப்பான். பெயர் மட்டும் பிரம்புக்கு!

இந்த மயக்கம் எனக்கு மட்டும் வந்ததன்று. 1960களில் டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பு நடத்தினார். பாராட்டே நல்ல பயிற்சி முறை என்று அவர் சொன்னதும், அனுபவமிக்க பயிற்றுநர் ஒருவர் மறுத்தார். பாராட்டினால் அடுத்த முறை சறுக்குகிறார்கள், திட்டினால் திருந்துகிறார்கள் என்பது அவர் வாதம். கானமன் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி வரைந்தார். ஒவ்வொருவரும் அதற்கு முதுகு காட்டி நின்று, திரும்பிப் பாராமல் இரண்டு நாணயங்களை எறியும்படி சொன்னார். முதல் நாணயம் குறிக்கு அருகில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது விலகிப் போயிற்று. முதலில் தொலைவில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் குறியை நெருங்கினார்கள். திட்டுக்கும் பாராட்டுக்கும் அங்கே வேலையே இருக்கவில்லை. இந்தக் கானமன்தான் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

சரி, அடியால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன என்று கேட்கலாம். பயந்த உடலில் அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓடித் தப்புவதற்கு இது உதவும். அல்ஜீப்ரா கணக்கைப் படிப்படியாக மனத்தில் நிறுத்திப் போடுவதற்கு உதவாது. அடுத்த அடி எப்போது விழும் என்பதிலேயே கவனம் இருந்தால் கரும்பலகையில் எப்படிக் கவனம் செல்லும்? முட்டி போட வைப்பதும், வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும், எல்லோர் முன்பும் கேலி செய்வதும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

என் கண்ணைத் திறந்தது ஒரு வெப்பமானி. ஆய்வுக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைக் கைதவறி உடைத்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. சிதறிய பாதரசத்தை வெறுங்கையால் திரட்டித் தன் ஜாமெட்ரி பெட்டிக்குள் மறைத்துவிட்டான். பாதரச ஆவி நஞ்சு என்பதை அதே வகுப்பில் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து விஷயம் தெரிந்தபோது, "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. என் மேசை இழுப்பறையைப் பார்த்தான். நஞ்சைவிட என்னிடம் அவனுக்குப் பயம் அதிகமாக இருந்திருக்கிறது! அன்று பிரம்பு அடுப்புக்குப் போயிற்று.

தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தை வதைப்பதையும் சேர்த்துத் தடுக்கிறது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் நம்பிக்கை மாறுவதில்லை.

அப்படியானால் ஒழுங்கே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது, நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் கண்டிப்பான விதி. அமிலம் கொதித்துத் தெறிக்கும் என்ற காரணம் தெரிந்தவன், ஆசிரியர் இல்லாதபோதும் அதை மீறமாட்டான். பிரம்புக்குப் பயந்து கீழ்ப்படிபவனோ, பிரம்பு இல்லாத இடத்தில் என்ன செய்வான்? உடைத்தவன் உடைத்ததை ஒப்புக்கொண்டு, கற்றுக்கொண்ட முறைப்படி இடத்தைச் சீர் செய்ய உதவுவதும் ஒழுங்குதான். அது பிரம்படியைவிடக் கடினமான ஒழுங்கு.

நண்பர்களே! நாளை உங்களில் பலர் ஆசிரியர் ஆவீர்கள், பெற்றோர் ஆவீர்கள். இன்றே வீட்டில் தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். தலையில் குட்டக் கை ஓங்கும்போது அந்தப் பகடையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். உங்கள் ஆசிரியர்களையும் ஒரு முறை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்!