அண்ணன் தம்பியையும் அழைத்துவரச் சொல்லுங்கள்

கிளாக்கோமா மரபணுக் கட்டுரைகளில் நாம் பெரும்பாலும் ‘தெற்காசியர்’ என்ற ஒரே தலைப்புக்குள் அடங்கிவிடுகிறோம். பாலக்கரையில் ஓபி சீட்டோடு காத்திருக்கும் ராவுத்தர் குடும்பமும் நாயுடு குடும்பமும் மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்த விவசாயியும் தலைமுறைகளாகத் தத்தம் சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்தவர்கள். ஒரே தலைப்பு இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

லாக்ஸ்எல்-1 மரபணுவையே பாருங்கள். பொய் உரிதல் (சூடோஎக்ஸ்ஃபோலியேஷன்) கிளாக்கோமாவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 2007-இல் ஐஸ்லாந்து நோயாளிகளிடம் தெரியவந்தது. அங்கே ஆபத்து என்று குறித்த இரு மாற்றங்களில் ஒன்று ஜப்பானியரிடம் தலைகீழானது. மற்றொன்று தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களிடம் தலைகீழானது. 2008-இல் சென்னை ஆய்வு தென்னிந்தியரிடம் ஒரு மாற்றத்துக்குத்தான் தொடர்பு கண்டது. ஐரோப்பியத் தரவில் கணித்த ஆபத்து மதிப்பெண்ணை நம் நோயாளியிடம் அப்படியே வாசித்துக்காட்டுவது சரியல்ல. கண் பாப்பாவை விரித்து, லென்ஸ் மேல் படிந்த வெண்துகளை ஸ்லிட் லேம்ப்பில் தேடுவதே இன்றைக்கும் நம்பகமான வழி.

அதற்காக எல்லா வித்தியாசத்தையும் மரபணுவின் தலையில் கட்டவும் கூடாது. 1998-இல் வெளியான வேலூர் ஆய்வில் மூடுகோண வகை 4.3 சதவீதம், திறந்தகோண வகை 0.4. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் மருத்துவமனை நடத்திய ஆய்வில் (2003) அவை முறையே 0.5, 1.7 எனப் புரண்டன. இரண்டிலும் இருந்தவர்கள் தமிழர்கள்தான்; மாறியது பெரும்பாலும் வயது வரம்பும் நோயை வரையறுத்த விதமும். கோனியோஸ்கோப்பி செய்யாமல் ‘திறந்தகோணம்’ என்று எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடிந்தது குடும்ப ஆபத்து. ராட்டர்டாம் ஆய்வில் நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினருக்கு வாழ்நாள் ஆபத்து 22 சதவீதம், மற்றவர்களுக்கு 2.3. அரவிந்த் ஆய்வில் திறந்தகோண நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நோய் இருப்பதே தெரியாது. ஆகவே ஒருவருக்கு உறுதியானதும், நாற்பது வயதைத் தாண்டிய உடன்பிறந்தவர்களை அழைத்துவரச் சொல்வது அந்த வருகையிலேயே முடிய வேண்டிய வேலை.

பச்சிளங்குழந்தைகளிடம் இது இன்னும் அவசரம். பிறவிக் கிளாக்கோமாவின் சிப்1பி1 மரபணு மாற்றங்கள் ஒடுங்கு பண்பாக இறங்குபவை. சொந்தத்தில் கல்யாணம் ஆபத்தைக் கூட்டும். கண்ணில் நீர் வடிகிறது, வெளிச்சம் கூசுகிறது, கருவிழி பெரிதாயிருக்கிறது என்றால் கண்ணீர்க்குழாய் அடைப்பு என்று மசாஜ் எழுதி அனுப்பாதீர்கள். பெற்றோர் என்ன உறவு என்று கேளுங்கள். தாய்மாமனா, அத்தை மகனா என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். அடுத்த பிள்ளையைப் பார்ப்பதைத் திட்டமிட அது உதவும்.