பதிப்பு உயர்ந்தது, வேகம் தாழ்ந்தது

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய தமிழன் இன்று கணிப்பொறியில் எழுதுகிறான். விடுப்பு விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை எல்லாம் ஆவண மென்பொருளின் துணையால் உருவாகின்றன. இம்மென்பொருளுக்குப் புதுப்புதுப் பதிப்புகள் வந்தவண்ணம் உள்ளன. புதியது என்றாலே மேலானது என்று நாமும் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை சரிதானா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை அல்லவா?

வரலாறு ஒன்றைக் காண்போம். 1992இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் மேக்கின்டோஷ் கணிப்பொறிக்கென வேர்டு 5.1 பதிப்பை வெளியிட்டது. சிறியது, விரைவானது, பயன்படுத்தியோர் பெரிதும் விரும்பினர். 1994இல் 6.0 வந்தது. விண்டோசுக்கும் மேக்கின்டோசுக்கும் ஒரே மூல நிரல் என்னும் முடிவின் விளைவு அது. வசதிகள் பெருகின, வேகம் குன்றியது. திறப்பதற்கே நெடுநேரம் ஆயிற்று. நினைவகமும் மிகுதியாகத் தேவைப்பட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்! எதிர்ப்பு ஓங்கவே, நிறுத்திவிட்ட பழைய பதிப்பையே நிறுவனம் மீண்டும் தர வேண்டியதாயிற்று. 1997இல் மேக்கின்டோசுக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. 1998இல் அப்பொறியின் இயல்புக்கேற்ற பதிப்பு வெளிவந்தது.

இந்நோய்க்குக் காரணம் என்ன? பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த், 1995இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை ஆராய்ந்தார். வன்பொருள் விரைவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் 8,000 பைட்டில் அடங்கிய உரைத் திருத்தி, அவர் எழுதிய காலத்தில் நூறு மடங்கு இடம் கேட்டது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய வசதி சேருகிறது. பழையது எதுவும் கழிவதில்லை. வேகமான புதுப்பொறி அந்தச் சுமையை மறைத்துவிடுகிறது. பழைய பொறியோ தடுமாறுகிறது. அந்தப் பழைய பொறி யாரிடம் இருக்கிறது? ஏழை மாணவனிடமும், நம்மைப் போன்ற அரசுக் கல்லூரிகளின் ஆய்வகங்களிலுமே!

“அப்படியானால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே” என்று சிலர் கூறலாம். அது அவ்வளவு எளிதன்று. வேர்டு 97 எழுதிய கோப்பை, தனி மாற்றி நிரல் இன்றி வேர்டு 95 திறக்கவில்லை. ஊரார் மாறினால் நாமும் மாறியே தீர வேண்டியுள்ளது. பாதுகாப்புத் திருத்தங்களும் பழைய பதிப்புகளுக்கு ஒரு நாள் நின்றுபோகின்றன.

புதுமையே வேண்டாம் என்பது நம் கட்சி அன்று. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டுத் தமிழ் சிதறிக் கிடந்த நிலையை மாற்றியது யூனிகோடு. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. அத்தகைய புதுமையை இருகரம் நீட்டி வரவேற்போம். ஆனால் தேவையான திருத்தத்தையும் தேவையற்ற அலங்காரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறோம்.

படைப்போர் செய்ய வேண்டியவை மூன்று. பாதுகாப்புத் திருத்தங்களைத் தனியே தர வேண்டும். பழைய பொறியிலும் ஓட்டிப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும். விரும்புவோர் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி வைக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஆய்வேடு ஒப்படைக்கும் வாரத்தில் பதிப்பை மாற்றலாகாது. ஆய்வகத்தில் முதலில் ஒரு பொறியில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். கோப்புகளுக்குப் படி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

நண்பர்களே! கருவி மனிதனுக்காகவே, மனிதன் கருவிக்காக அன்று. எழுத வந்தவனைக் காக்க வைக்கும் எழுதுகோல், பொன்னால் செய்ததாயினும் பயன் என்ன?