அரிவாளும் வண்டிச் சாவியும்

போன வாரம் பேரன் போனில் கேட்டான்: "தாத்தா, அமெரிக்காவுல ஸ்கூல் பசங்களே துப்பாக்கிக்கு எதிரா ஊர்வலம் போனாங்களாம். நம்ம ஊர்ல ஏன் அப்படி இல்ல?"

"நம்ம ஊர்ல துப்பாக்கி ஏதுப்பா?" என்று சிரித்து மழுப்பினேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. துப்பாக்கி இல்லைதான். அரிவாள் இல்லையா?

2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லேண்டில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிய மாணவர்கள் முன்னின்று மார்ச் 24 அன்று வாஷிங்டனில் நடத்திய பேரணியைத்தான் பேரன் சொன்னான்.

நம் பக்கம், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி. அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளியில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்று அதில் சொன்னதைப் பற்றி எங்கள் வாக்கிங் கோஷ்டி ஒரு வாரம் விவாதித்தது. மாணவர்களைக் கொண்டே சமூக நீதி மாணவர் படை அமைக்கச் சொன்னதை ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட.

நம் கடலூரும் லேசுப்பட்டதல்ல. 2020 ஆகஸ்டில் தாழங்குடாவில் உள்ளாட்சித் தேர்தல் பகையில் ஒரு கொலை விழுந்தது. அடுத்து படகுகள் எரிந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆற்றுத் திருவிழா அன்று, பெண்ணையாற்றங்கரைக் கூட்டத்தில் எங்கள் தெருப் பையன் வண்டி வேறு தெருப் பையன் மீது உரசிவிட்டது. ஒரு அறை. அதை யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருமுனையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன், இப்போது மெக்கானிக், எல்லா வண்டிச் சாவியையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்த் தெருவில் தன்னோடு கபடி ஆடுகிறவனுக்குப் போன் போட்டு, இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். வீடியோ அழிந்தது. அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் அவனிடம், "போலீசுக்குச் சொல்லியிருக்கலாமேப்பா?" என்றேன்.

"கத்தி எடுத்திருந்தா நூறுக்குத்தான் சார் போட்டிருப்பேன். ஆனா அவங்க வந்து சேர நேரமாகும். கோவம் அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "பசங்களை அடக்கிடலாம் சார். திண்ணையில உக்காந்திருக்கிற பெருசுங்கதான், 'அடி வாங்கிட்டு சும்மாவா வந்தீங்க'ன்னு கேக்குறாங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரின் பழைய சண்டையை, யார் யாரை எங்கே வெட்டினார் என்று ருசியாகச் சொன்னவன் நானும்தான். பையன்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அது வரலாறு என்று நினைத்தேன். அவர்கள் அதைக் கணக்குப் பாக்கியாக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், காசநோயையும் காலராவையும் எதிர்த்து வேலை செய்தவர், 2000-இல் ஒரு திட்டம் தொடங்கினார். வன்முறையும் தொற்றுநோய் மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. பரவும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். தடுக்க அவர் அனுப்பியது அதே தெருவில் வளர்ந்து, அந்தப் பையன்கள் மதிக்கும் ஆட்களை. எங்கள் மெக்கானிக் செய்ததும் அதேதான். அவன் சிகாகோவைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நோய் என்றால் கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? பதினாலு வயசுப் பையன் சாதிக் கயிற்றைத் தானே கண்டுபிடிக்கவில்லை. நாம் கட்டிவிட்டது, அல்லது கட்டியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தது.

இளைஞர்களுக்கு புத்தி சொல்லத்தான் நமக்குத் தெரியும். இதில் அவர்கள் நமக்கு முன்னால் போகிறார்கள். நாம் செய்ய வேண்டியது இரண்டுதான்: சண்டையைத் தடுத்துவிட்டு வருகிறவனைக் "கோழை" என்று சொல்லக்கூடாது. பழைய பகையைத் திண்ணையில் விற்கக்கூடாது.

நான் அந்தக் கதையை நிறுத்திவிட்டேன். பேரன் பொங்கலுக்கு வருகிறான். அவனுக்கு இந்தச் சாவிக் கதையைச் சொல்லப் போகிறேன்.